குறட்டை சொன்ன செய்தி

வேடந்தாங்கல், பழவந்தாங்கல், ஈக்காட்டுத்தாங்கல் என்று தாங்கல் எனும் சொல்லால் முடியும் ஊர்கள் தொண்டை நாட்டில் பல உண்டு. தாங்கல் என்பது மழைநீரைத் தாங்கி வைக்கும் சிற்றேரி. நான் குடியிருக்கும் ஈக்காட்டுத்தாங்கலில் இன்று ஏரியைத் தேடினால் கிடைக்காது. ஒரு புறம் கிண்டித் தொழிற்பேட்டை; மறு புறம் அடையாறு; நடுவே நூறடிச் சாலையும் மேலே ஓடும் மெட்ரோ இரயிலும். பெயரில் மட்டும் நீர் தங்கியிருக்கிறது. பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் ஆதலால் ஊர்ப்பெயரில் தொடங்கிவிட்டேன். நேயர்கள் பொறுத்தருள வேண்டும். அந்த நீரும் இப்பேச்சில் பின்னர் வரும். ஆயினும் இன்று நான் சொல்ல வந்தது ஓர் ஒலியின் வரலாறு. அது குறட்டை ஒலி.

2013-ஆம் ஆண்டில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு குடும்பம் குடிவந்தது. தந்தை தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் வேலை செய்பவர். மகனுக்கு அப்போது எட்டு வயது. உயரமோ நான்கு வயதுப் பிள்ளையின் உயரம். கழுத்து குறுகியிருந்தது, விரல்கள் முழுதும் நீளாமல் வளைந்திருந்தன. ஆனால் அறிவு மிகக் கூர்மையானது. மாலையில் தந்தை அவனைத் தூக்கிவந்து என் மாடியில் விடுவார். சோழர் வரலாறு கேட்பான். நான் ஓர் ஆண்டைத் தவறாகச் சொன்னால், "தாத்தா, நேற்று வேறு மாதிரி சொன்னீர்களே" என்று திருத்துவான்.

கோடையில் சாளரங்கள் திறந்திருக்கும். அவனுடைய குறட்டை மாடி வரை கேட்கும். பிள்ளை அசந்து உறங்குகிறான் என்று அவன் தாய் மகிழ்வார். நானும் அவ்வாறே எண்ணினேன். ஓரிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கேட்டுக்கொண்டே கிடந்தேன். ஒலி ஏறிக்கொண்டே சென்று திடுமென நின்றது. ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்கினேன். பதினெட்டு எண்ணிய பின் ஒரு விம்மல், ஒரு திணறல், மீண்டும் குறட்டை. விடியும் வரை இதுவே நிகழ்ந்தது. நான் மருத்துவன் அல்லேன். ஆயினும் அது நல்லுறக்கம் அன்று என்பதை அறிய மருத்துவம் கற்றிருக்க வேண்டியதில்லை.

குறட்டையைக் கண்டு நகைப்பது உலகத்தின் பழைய வழக்கம். கும்பகருணனை எழுப்பும் காட்சியைக் கேட்டுச் சிரியாத பிள்ளை நம் நாட்டில் உண்டோ? ஆங்கில நாட்டில் சார்லஸ் டிக்கன்ஸ் 1836, 1837-ஆம் ஆண்டுகளில் எழுதிய பிக்விக் கதையில் ஜோ என்னும் பருத்த பையன் ஒருவன் வருகிறான். நின்றபடியே உறங்குவான், குறட்டையும் விடுவான். 1956-இல் அமெரிக்க மருத்துவர் சிலர், உடல் பருத்துப் பகலிலும் ஓயாது உறங்கிய ஒருவரைக் குறித்து எழுதியபோது, அக்கதையின் பெயரையே நோய்க்கு இட்டனர். ஆனால் அவர்களும் இரத்தத்தில் மிகுந்த கரியமில வாயுவே அவ்வுறக்கத்திற்குக் காரணம் எனக் கருதினர். இரவில் அந்நோயாளியின் அருகில் அமர்ந்து அவர் எவ்வாறு மூச்சு விடுகிறார் என்று பார்க்க வேண்டும் என எவருக்கும் தோன்றவில்லை. மருத்துவம் பகலில் நடந்த கலை. மாலையில் மருத்துவர் வீடு சென்றுவிடுவார். இரவில் விழித்திருந்தவர் தாய்மாரும் செவிலியருமே.

இனி அந்தச் சிறுவனின் நோய்க்கு வருவோம். அதன் வரலாறு முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்குகிறது. கனடா நாட்டு வினிப்பெக் நகரில் மருத்துவம் செய்துவந்த சார்லஸ் ஹண்டர், 1917-இல் இலண்டன் மருத்துவச் சங்கத்தில் பத்து வயதும் எட்டு வயதும் உடைய இரு சகோதரர்களின் விந்தையான நோயை விவரித்தார். ஈராண்டு கழித்து, 1919-இல், மியூனிக் நகரத்துப் பெண் மருத்துவர் கெர்ட்ருட் ஹர்லர் அதனை ஒத்த குழந்தைகளைக் குறித்து எழுதினார். போரினால் பிரிந்திருந்த இரு நாடுகளில், ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமலே, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நோய்கள் இரண்டு ஏட்டில் ஏறின. 1929-இல் உருகுவே நாட்டு மொர்க்கியோவும் இங்கிலாந்தின் பிரெயில்ஸ்போர்டும் எலும்பைப் பெரிதும் தாக்கும் மற்றொரு வகையைக் கண்டனர். எங்கள் வீட்டுச் சிறுவனின் வகையைப் பாரிசு நகரத்து மாரட்டோவும் லாமியும் 1963-இல் வேறு பிரித்துக் காட்டினர்.

1936-இல் ஆங்கில மருத்துவர் மூவர் இந்நோய்க்கு ஒரு பொதுப்பெயர் வைத்தனர். ஐரோப்பியத் தேவாலயங்களின் கூரைவிளிம்பில் மழைநீர் வடிவதற்காகச் செதுக்கியிருக்கும் கோர முகங்களின் பெயரை இக்குழந்தைகளுக்கு இட்டனர். அறிவுடையோரும் சில வேளைகளில் இப்படி இரக்கமின்றிப் பெயரிடுவது உண்டு. பல்லாண்டு காலம் பாட நூல்களில் நின்ற அப்பெயர் இன்று வழக்கொழிந்தது நன்றே.

உடலின் உள்ளே நிகழ்வது என்ன? நம் தசைநார், குருத்தெலும்பு, தொண்டைச் சவ்வு முதலியவற்றில் மியூக்கோபாலிசாக்கரைடு எனப்படும் நீண்ட சர்க்கரைத் தொடர்கள் உள்ளன. பழையன சிதைந்து புதியன தோன்றுவது இயல்பு. பழையதைச் சிதைக்கும் வேலை, உயிரணுவுக்குள் இருக்கும் லைசோசோம் என்னும் நுண்பைகளுடையது. பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டுவே இப்பைகளை 1955-இல் உலகிற்கு அறிவித்தார். அதன்பொருட்டு 1974-இல் நோபல் பரிசு பெற்றார். பைக்குள்ளே நொதிகள் பல. நகரத் தெருக்களில் ஒவ்வொரு வகைக் குப்பைக்கும் தனியே ஓர் ஆளை அமர்த்தியிருப்பதாகக் கொள்ளுங்கள். அவருள் ஒருவர் மட்டும் பிறவியிலேயே இல்லையெனில், அந்த வகைக் குப்பை நாள்தோறும் சேரும். முதல் மாதத்தில் எவரும் அறியார். சில ஆண்டுகளில் தெரு அடைபடும். இந்நோயும் அத்தகையதே. பிறக்கும்போது குழந்தை நன்றாகவே இருக்கும். நாட்செல்ல நாட்செல்ல நாக்கு தடிக்கும். டான்சிலும் அடினாய்டும் வீங்கும். குரல்வளையும் மூச்சுக்குழலும் உட்புறம் தடித்துக் குறுகும். விலாக்கூடு விரிய மறுக்கும்.

இக்குறை பெற்றோரிடமிருந்து வருவது. ஹண்டர் கண்ட வகை தாய்வழியே வந்து பெரும்பாலும் ஆண்மக்களையே தாக்கும். ஏனைய வகைகளில் தாயும் தந்தையும் ஒரே குறையை வெளித்தெரியாமல் தாங்கியிருப்பர். அவர்கள் பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கமுடைய நம் நாட்டில், ஒரே முன்னோரிடமிருந்து ஒரே குறை இருவரிடமும் வந்து சேர்வது எளிது. சிறுவனின் பெற்றோரும் அத்தை மகனும் மாமன் மகளுமே. இதைச் சொல்வது எவரையும் குறை கூறுவதற்கன்று. பெண் கேட்கச் செல்லும்முன் தெரிந்திருக்க வேண்டிய செய்தி என்பதற்காகவே.

1968-இல் அமெரிக்காவில் எலிசபெத் நியூஃபெல்டின் ஆய்வுக்கூடத்தில், ஹர்லர் நோயாளியின் உயிரணுக்களும் ஹண்டர் நோயாளியின் உயிரணுக்களும் ஒன்றாய்க் கலந்தன. தவறுதலாகக் கலந்தன என்றே அக்கதையைச் சொல்வர். கலந்த உயிரணுக்களில் இரு நோய்களும் நீங்கியிருக்கக் கண்டனர்! ஒன்றிடம் இல்லாததை மற்றொன்று கசியவிட்டுக் கொடுத்தது. வெளியிலிருந்து நொதியைக் கொடுத்தால் உயிரணு ஏற்றுக்கொள்ளும் என்னும் உண்மை அன்று பிறந்தது. அது மருந்தாகி நோயாளியின் நரம்பில் ஏற முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின: ஹர்லர் வகைக்கு 2003, மாரட்டோ-லாமி வகைக்கு 2005, ஹண்டர் வகைக்கு 2006, மொர்க்கியோ வகை ஒன்றிற்கு 2014.

இங்கே ஒருவரை நினைவு கூராமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ஆம்ஸ்டர்டாம் நகரத்து யோஹன்னஸ் பாம்பே, 1932-இல், ஏழு மாதப் பெண்குழந்தை ஒன்றின் இதயமும் தசைகளும் கிளைக்கோஜன் என்னும் மாப்பொருளால் நிறைந்து கிடந்ததைக் கண்டறிந்தவர். அதுவும் இந்நோய்களுக்கு உறவான நோயே. 1963-இல் பெல்ஜியத்தின் ஹெர்ஸ் அதற்கும் லைசோசோம் நொதிக் குறையே காரணம் என நிறுவினார். செருமானியர் ஆலந்து நாட்டைக் கைப்பற்றியிருந்தபோது, பாம்பே தம் ஆய்வுக்கூடத்தில் எதிர்ப்பு இயக்கத்தாரின் வானொலி ஒலிபரப்பிக்கு மறைவிடம் கொடுத்தார். 1945 பிப்ரவரியில் அது பிடிபட்டது. ஏப்ரல் 15-ஆம் நாள் அவரைச் சுட்டுக் கொன்றனர். ஒரு மாதத்திற்குள் போர் ஓய்ந்தது. வானொலியில் பேசும் என் போன்றோர் அறிந்திருக்க வேண்டிய பெயர் இது.

இவ்வளவும் பகலின் வரலாறு. முகத்தைப் பார்த்தனர், எலும்பைப் படம் பிடித்தனர், சிறுநீரைச் சோதித்தனர். இரவின் வரலாறு வேறு வழியாக வந்தது.

1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறங்குவோரின் மூடிய கண்கள் சில வேளைகளில் விரைந்து அசைவதைப் பதிவு செய்தனர். உறக்கம் ஒரே சீரானதன்று, அதில் படிகள் உண்டு என்பது தெளிவாயிற்று. கண்ணசையும் அப்படியில் உடலின் தசைகள் மிகவும் தளரும். தொண்டையைத் திறந்து வைத்திருப்பதும் தசையே அன்றோ? 1965-இல் பிரான்சின் மார்செய் நகரில் காஸ்டோவும் அவர் குழுவினரும், செருமனியின் ஃபிரைபர்க்கில் யுங்கும் கூலோவும் பருத்த உடலினர் உறங்கும்போது இரவெல்லாம் கருவிகளோடு விழித்திருந்தனர். மூச்சு நூற்றுக்கணக்கான முறை நின்று நின்று வருவதை அவர்கள் கண்டனர். உறக்க மூச்சுத்தடை என்னும் நோய் அன்றே அறியப்பட்டது. பெரியவர்க்குப் பத்து வினாடி மூச்சு நின்றால் அதை ஒரு தடையாகக் கணக்கிடுவர். குழந்தைகட்கு இரண்டு மூச்சு தவறினாலே போதும். மணிக்கு ஒன்றிற்கு மேல் நேர்ந்தால் அது இயல்பன்று. ஒவ்வொரு தடையிலும் இரத்தத்தில் உயிர்வளி குறையும். மூளை பதறி விழிக்கும். இதயமும் நுரையீரல் நாளங்களும் வருந்தும். காலையில் குழந்தைக்கு எதுவும் நினைவிராது. தலைவலியும் சோர்வும் மட்டும் இருக்கும்.

மருந்து யாது? 1969-இல் கூலோ முதலியோர் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலில் குழாய் வைத்தனர். உயிர் காத்த வழிதான், ஆனால் கொடிது. 1980 ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் அத்தகைய அறுவைக்கு நோயாளி ஒருவர் இசையவில்லை. காலின் சல்லிவன் என்னும் மருத்துவர் முன்னரே நாய்களின் உறக்கத்தை ஆராய்ந்தவர். அவற்றின் மூக்கிற்கு முகமூடி செய்தவர். அதே முறையில் அவர் அம்மனிதரின் மூக்கு வழியே காற்றை இடைவிடாது மெல்ல ஊதினார். தொண்டை, காற்றடைத்த குழாய்போல விரிந்து நின்றது. நோயாளி இரவு முழுதும் தடையின்றி உறங்கினார். ஐந்து நோயாளிகளிடம் கண்ட பயனை 1981-இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். தொடக்க காலப் பொறிகளில் தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டாரும் பயன்பட்டது. முகமூடியை இரவுதோறும் பசையால் முகத்தில் ஒட்டினர். இன்று சி-பாப் என வழங்கும் கருவி அதுவே.

இரு வழிகளும் சந்தித்தது எப்போது? 1985-இல் அமெரிக்க மருத்துவர் மூவர், ஹர்லர், ஹண்டர் நோயாளிகளின் மூச்சடைப்பையும் உறக்க மூச்சுத்தடையையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினர். 1988-இல் கிரெக் செமென்சாவும் ரீட் பையரிட்ஸும் இந்நோய்க் குடும்பத்தின் மூச்சுக் கோளாறுகளை விரிவாய் ஆராய்ந்தனர். அச்செமென்சாவே பின்னர், உயிரணு உயிர்வளியின் அளவை எவ்வாறு உணர்கிறது என்று கண்டு 2019-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். 1990-இல் ஹண்டர் நோயாளி ஒருவருக்கு மூக்கு வழிக் காற்றுச் சிகிச்சை பயன்பட்ட செய்தி வெளிவந்தது. ஹண்டர் தம் கட்டுரையைப் படித்து அதற்குள் எழுபத்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன! எழுபது ஆண்டும் அக்குழந்தைகள் இரவுதோறும் திணறியே இருப்பர். வீட்டில் கேட்டவர்கள் இருந்திருப்பர். ஏட்டில் எழுதியவர் அரியர்.

இச்சிகிச்சை எல்லார்க்கும் ஒரே வகையில் அமைவதன்று. பிற குழந்தைகட்கு டான்சிலையும் அடினாய்டையும் நீக்கினால் பெரும்பாலும் குணமாகும். இவர்கட்கு அது பயன் தந்தாலும், அடைப்பு பல இடங்களில் இருப்பதால் மீண்டும் வரும். மயக்க மருந்து கொடுப்பதோ பெரும் ஆபத்து: வாய் அகலத் திறவாது, குரல்வளை கண்ணுக்கு எட்டாது, மொர்க்கியோ முதலிய வகைகளில் கழுத்தெலும்பு உறுதியற்றிருப்பதால், தலையைப் பின்னால் சாய்த்தாலே தண்டுவடம் நசுங்கலாம். மூக்குத்தண்டு தாழ்ந்த முகத்தில் முகமூடி பொருந்துவதும் அரிது. பாம்பே நோயில் தொண்டையைவிட உதரவிதானமே தளர்ச்சியுறும். அவர்கட்கு மூச்சை உள்ளே இழுக்கும்போது மிகுந்தும் விடும்போது குறைந்தும் அழுத்தம் தரும் வேறு பொறி வேண்டும். நொதி மருந்தும் தொண்டைத் தடிப்பைச் சிலருக்கு ஓரளவு குறைக்கும். எலும்பை மாற்றும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. ஆகவே நொதி பெறுவோர்க்கும் இரவில் காற்றுப் பொறி தேவைப்படுவது உண்டு.

எங்கள் சிறுவனுக்கு ஐந்து வயதில் ஒரு மருத்துவமனையில் அடினாய்டை நீக்கியிருந்தனர். குடலிறக்கத்திற்கும் ஓர் அறுவை நடந்திருந்தது. மயக்கம் தெளிவதற்குள் பிள்ளை நீலம் பாய்ந்துவிட்டான் என்று தாய் சொல்வார். அப்போதும் நோயின் பெயரை எவரும் சொல்லவில்லை. 2014-இல்தான், வேறோரிடத்தில், அவன் கைவிரல்களைக் கண்ட ஓர் இளம் மருத்துவர் ஐயுற்று இரத்தத்தில் நொதியைச் சோதிக்கச் செய்தார். தாயும் தந்தையும் அன்று கேட்ட முதற் கேள்வி மருந்தைப் பற்றியது. மருந்து உண்டு, ஆனால் வாரந்தோறும் நரம்பில் ஏற்ற வேண்டும், ஆண்டுச் செலவு கோடியைத் தாண்டும். அம்மருத்துவர் அதோடு நிறுத்தவில்லை. இரவில் எப்படி உறங்குகிறான் என்று கேட்டார். உறக்கச் சோதனை நடந்தது. தாயின் வளையல்கள் விற்கப்பட்டுக் காற்றுப் பொறி வீட்டிற்கு வந்தது. முதல் வாரம் முகமூடியைப் பிடுங்கி எறிந்தான். விமான ஓட்டியும் இப்படித்தான் அணிவார் என்று நான் சொன்னதை அவன் நம்பவில்லை. இரண்டாம் மாதத்தில், காலைத் தலைவலி நின்றபின், தானே எடுத்து மாட்டிக்கொண்டான்.

2015 டிசம்பர் முதல் நாள். அன்று பெய்த மழையை ஈக்காட்டுத்தாங்கலில் எவரும் மறந்திலர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் இறங்கியது. விடியுமுன் எங்கள் கீழ்த்தளத்தில் நீர் புகுந்தது. தந்தை மகனைத் தோளிலும் பொறியைத் தலையிலும் சுமந்து மாடி ஏறினார். பொறி நனையவில்லை. ஆனால் மின்சாரம் போய்விட்டது.

காற்று நின்ற இரவிலேயே தொண்டை பழையபடி அடைபடும். சாய்வு நாற்காலியில் தலையணைகளை அடுக்கி அவனை ஒருக்களித்து அமர்த்தினோம். படுக்க விட்டால் குறட்டை. குறட்டைக்குப் பின் அமைதி. தாய் முன்னிரவும் நான் பின்னிரவும் விழித்திருந்தோம். கைவிளக்கின் ஒளியில் அவன் உதட்டின் நிறத்தைப் பார்ப்பேன், எண்ணுவேன், பத்துக்கு மேல் போனால் தோளைத் தொட்டு எழுப்புவேன். "தாத்தா, நீங்கள் உறங்கவில்லையா?" என்பான், விடை கேட்குமுன் உறங்கிவிடுவான். வெளியே இருளில் நீரின் ஓசை தவிர வேறொன்றும் கேட்கவில்லை. இரண்டு இரவுகள் இவ்வாறு சென்றன. சாவை உறக்கத்தோடு ஒப்பிட்ட வள்ளுவரை வகுப்பில் எத்தனையோ முறை நயந்து பேசியவன் நான். அவ்விரவுகளில் அவரை நினைக்கவும் அஞ்சினேன்.

மூன்றாம் நாள் மாலை, தந்தையும் அவருடைய பட்டறைத் தோழர் ஒருவரும், இடுப்பளவு நீரில் மிதவைபோல் ஒரு பலகையைத் தள்ளிக்கொண்டு வந்தனர். மேட்டில் நின்ற லாரியிலிருந்து கழற்றிய பேட்டரியும் எங்கோ இரவல் பெற்ற இன்வெர்ட்டரும் அதன்மேல் இருந்தன. தோழர் பொறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருப்பது ஒரு காற்றாடிதானே என்றார். அரைமணியில் அது சுழன்றது. சிட்னியில் தூசிக் கருவியின் மோட்டாரைக் கொண்டு தொடங்கிய சிகிச்சை, ஈக்காட்டுத்தாங்கலில் லாரி பேட்டரியைக் கொண்டு தொடர்ந்தது. அன்றிரவு வீட்டில் அனைவரும் உறங்கினோம்.

2021 மார்ச்சில் இந்திய அரசு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. அடுத்த ஆண்டு, ஒரு நோயாளிக்கு 50 இலட்ச ரூபாய் வரை உதவி என உயர்த்தினர். சிறப்பு மையங்களுள் சென்னை எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனையும் ஒன்று. ஆயுள் முழுதும் ஏற்ற வேண்டிய மருந்துக்கு அத்தொகை எத்தனை மாதம் வரும் என்பதைக் கணக்கறிந்த மாணவர்கள் தாமே வகுத்துப் பார்க்கலாம். எடை கூடக் கூட மருந்தின் அளவும் கூடும். வளரும் பிள்ளைக்கு வளர்ச்சியே செலவு. காற்றுப் பொறியின் விலையோ சில பத்தாயிரம் ரூபாய்.

சிறுவன் இன்று சிறுவன் அல்லன். இருபது வயதைத் தொட்டிருக்கிறான். அஞ்சல் வழியில் வரலாறு படிக்கிறான். நொதி மருந்துக்கான விண்ணப்பத்தை இப்போது அவனே எழுதுகிறான். எழுத்துப் பிழை பார்ப்பது மட்டும் என் வேலை. பொறி மாறிவிட்டது, பழையதைவிட ஒலி குறைவு. மாடிப்படியின் அடியில், வெள்ளம் ஏறிய கோட்டிற்கு இரண்டடி மேலே, தந்தை ஒரு மரப்பலகை அடித்து அதில் இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் வைத்திருக்கிறார். மாதம் ஒரு முறை மூடியைத் திறந்து அதற்கு வடிநீர் ஊற்றுகிறார்.